சொல்ல இல்லை

ஆறு பேரையும் ஆறு லைனில் பிரித்து உட்காரவைத்தது நான்தான். ஓனர் சொல்லவில்லை, மாஸ்டர் கேட்கவில்லை. காது கேளாத ஆறு பேரைச் சேர்த்து உட்காரவைத்தால் கையாலேயே பேசிக்கொண்டிருப்பார்கள், கை பேசினால் மெஷின் நிற்கும் என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டேன். மற்ற டெய்லர்கள் வாயால் ஊர்க்கதை பேசிக்கொண்டே தைக்கலாம். இவர்களுக்கு அந்த வழி இல்லையே. அன்றைக்கு அது எனக்குப் பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. ஓனரிடம் சொன்னபோது அவரும் தலையாட்டினார்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதிப் பனியன் கம்பெனியில் இருபத்துமூன்று ஆண்டுகள் இருந்தேன். சேரும்போது என் இடத்துக்கு டைம் ஆபீஸ் என்று பெயர். பிறகு பெர்சனல் ஆனது. ஓய்வுபெறும்போது எச்.ஆர். பலகை மாறியதே தவிர வேலை மாறவில்லை. ஆள் எடுக்கவேண்டும், போன ஆள் ஏன் போனான் என்று ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். இரண்டாவது வேலைதான் அதிகம். 'ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் தேவை' என்ற பலகை தொங்காத கம்பெனி கேட் எங்கள் ஊரில் குறைவு.

2014 தை மாதம், கலெக்டர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் நானும் போய் உட்கார்ந்தேன். எங்களுக்கு ஆள் தேவைப்பட்டது உண்மை. வெளிநாட்டு பையரின் ஆடிட்டுக்குக் காட்ட ஃபைலில் ஒரு பக்கம் தேவைப்பட்டது அதைவிட உண்மை. அரசுத் திட்டமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். 2008 ஏப்ரலிலிருந்து தனியார் கம்பெனி ஒரு மாற்றுத்திறனாளியை வேலைக்கு எடுத்து, சம்பளம் மாதம் 25,000 ரூபாய்க்குள் இருந்தால், முதல் மூன்று ஆண்டுகளுக்கு முதலாளி கட்டவேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை மத்திய அரசே கட்டும் என்பது அன்றைய விதி. அந்த உத்தரவில் எந்த நிபந்தனை எந்த வரியில் இருக்கிறது என்று கேட்டாலும் சொல்வேன். ஆனால் சேர்த்த ஆறு பேரில் ஒருவருடைய பெயரைக்கூட அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியாது.

நான்கு ஆண்கள், இரண்டு பெண்கள். ஒரே பள்ளியில் படித்தவர்கள், சிறுவயதுச் சிநேகிதர்கள். இது அவர்களுடைய சான்றிதழிலேயே இருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. முதல் நாள் மாலை போட்டு வரவேற்றோம். போட்டோ எடுத்தோம். போட்டோ எடுத்த பத்தாவது நிமிடம் ஆறு பேரும் ஆறு பக்கம் போனார்கள்.

அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. காது கேளாதவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. வீட்டில் வைத்த பெயரை எழுத்தெழுத்தாக விரலில் காட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதால், ஆளின் முகத்தில் உள்ள அடையாளத்தையோ பழக்கத்தையோ வைத்து அவர்களே சூட்டுகிற பெயர். இவருக்கு வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. ஆள்காட்டி விரலை அங்கே வைத்து வெளிப்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தால் அது இவர். எழுத்தில் அதைக் கொண்டுவர வழியில்லை, புருவக்காரர் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பெயர் எனக்குத் தெரியவந்ததே அவர் வேலையை விட்டுப் போன பிறகு.

புருவக்காரர் ஓவர்லாக் டெய்லர். கை சுத்தம். தைக்கும்போது அவருடைய இடது கை ஓரம் மெஷின் மேசையில் பட்டுக்கொண்டே இருக்கும். காது கேட்கிற டெய்லருக்கு மெஷின் சத்தம் மாறினால் ஏதோ கோளாறு என்று தெரியும். இவருக்கு அது மேசையின் அதிர்விலேயே தெரியும். ஒருநாள் திடீரென்று மெஷினை நிறுத்தி மெக்கானிக்குக் கைகாட்டினார். மெக்கானிக் வந்து ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தானே ஓடுது, வேலைக்குச் சோம்பல்" என்று சிரித்துவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் லூப்பர் தட்டி ஊசி உடைந்தது. ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைவது சின்ன விஷயமல்ல. வெளிநாட்டில் ஒரு குழந்தையின் சட்டையில் ஊசித்துண்டு இருந்துவிடக்கூடாது. ஆகவே உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, பொருத்திப் பார்த்து, ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் அந்த இடத்தில் வேலை தொடங்கலாம். இரண்டு துண்டு கிடைத்தது, மூன்றாவதைக் காந்தம் வைத்துத் தேடினார்கள். முக்கால் மணி நேரம் போனது. புருவக்காரர் மெக்கானிக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முன்பே சொல்லிவிட்டார் என்பதை ரிஜிஸ்டரில் எழுத இடம் கிடையாது.

அந்த ஆடி மாதம்தான் மெமோ விவகாரம். டி-ஷர்ட்டின் சைடு தைக்கும்போது வாஷ்கேர் லேபிளை இடது பக்கம் வைத்துத் தைக்கவேண்டும். அந்த ஆர்டரின் ஒரு பகுதி வேறு நாட்டுக்குப் போகவேண்டியது, அதற்கு லேபிளும் வேறு, வைக்கிற உயரமும் வேறு. காலை பதினொரு மணிக்கு லைன் சூப்பர்வைசர் நடுவில் நின்று ஒரு கத்துக் கத்தினார், "அடுத்த பண்டல்ல இருந்து லேபிள் மாறுது, கீழிருந்து ஆறு இஞ்ச்!" மொத்த லைனும் மாற்றிக்கொண்டது. புருவக்காரர் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசருக்கு வாயில் எப்போதும் ஹான்ஸ் புகையிலை. உதட்டைப் பார்த்துப் படிக்கத் தெரிந்தவர்கள்கூட அவர் உதட்டைப் படிக்க முடியாது, திறந்தால்தானே. மத்தியானம் செக்கிங் டேபிளில் கண்டுபிடித்தார்கள். 140 பீஸ் பழைய உயரத்தில் இருந்தது. அத்தனையும் பிரித்துத் தைக்கவேண்டும்.

மெமோ அடித்தது நான். 'தங்களது கவனக்குறைவால் நிறுவனத்திற்கு ஏற்பட்டுள்ள இழப்பிற்குத் தாங்களே முழுப் பொறுப்பாவீர்கள்' என்று தொடங்கும். இந்த மாதிரித் தமிழை நான் பல வருடமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், வாசித்துப் பார்த்ததில்லை. அவரை ஆபீசுக்கு வரவழைத்து, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் தட்டிக் காட்டினேன். அவர் தாளை இரண்டு முறை படித்தார். என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். கையெழுத்துக்கு மேலே, குழந்தை எழுதுகிற மாதிரி பெரிய எழுத்தில் எழுதினார்:

'நான் தப்பு இல்லை. சொல்ல இல்லை.'

எனக்குச் சிரிப்பு வந்தது. பத்தாவது படித்தவருக்குத் தமிழில் ஒரு வாக்கியம் எழுதத் தெரியவில்லையே என்று நினைத்தேன். தப்பை ஒப்புக்கொள்ளாத திமிர் என்றும் தோன்றியது. அவர் என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார், புருவத்தை உயர்த்தி, இரண்டு உள்ளங்கையையும் விரித்து. நான் வலது கையை விரித்து இரண்டு ஆட்டு ஆட்டினேன். ஒன்றுமில்லை, போ. மெமோவை ஃபைலில் கோத்தேன்.

அந்தக் கையாட்டல் எனக்குப் பழகிப்போயிருந்தது. கேன்டீனில் எல்லாரும் எதற்கோ சிரிப்பார்கள், என்ன என்று அவர் கேட்பார், ஒன்றுமில்லை. மைக்கில் ஏதோ அறிவிப்பு வரும், என்ன என்று பார்ப்பார், ஒன்றுமில்லை. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மைக்கில், "இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட்" என்று சொல்வார்கள், எட்டரை வரை வேலை என்று அர்த்தம். ஐந்தரைக்கு அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவார், பாதிப் படியில் யாராவது சட்டையைப் பிடித்து இழுப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் இல்லை என்று தெரியாமல் ஒருநாள் அவர் மட்டும் தைத்துக்கொண்டே இருந்தாராம், ஸ்வீப்பர் அம்மா வந்து லைட்டை அணைக்கும்வரை. கம்பெனி வேன் போய்விட்டது. மறுநாள் இதை ஒரு வேடிக்கையாகத்தான் எனக்குச் சொன்னார்கள், நானும் வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

லைனில் அவரை 'ஊமை' என்றார்கள். நான் தடுக்கவில்லை. ரிஜிஸ்டரில் மட்டும் 'மாற்றுத்திறனாளி' என்று சுத்தமாக எழுதிவைத்திருந்தேன். கலைஞர் ஆட்சியில் வந்த அந்தச் சொல் தாளை மாற்றியது, ஃப்ளோரை மாற்றுவது என் வேலையாக இருந்தது. ஊமை என்ற சொல்லுக்கு நம் ஊரில் இன்னொரு பக்கமும் உண்டு என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்ப எழுப்பியவர். அவரை எதிர்த்துச் சண்டையிட்ட வெள்ளைக்கார அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷே தன் நினைவுக் குறிப்புகளில் அவரைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். உள்ளங்கையில் நாலு வைக்கோல் துரும்பை அடுக்கி, இதுதான் எதிரிப்படை என்று காட்டி, மறுகையால் ஒரே வீச்சில் துடைத்துத் தள்ளுவாராம். அதுதான் தாக்குதலுக்கு உத்தரவு. ஒரு படையே அந்தக் கையைப் படித்தது. எங்கள் கம்பெனியில் நானூறு பேருக்கு மேல், ஓர் ஆளுக்குக்கூட ஒரு கையைப் படிக்கத் தெரியவில்லை.

இதையெல்லாம்விட எனக்கு இன்றைக்கும் தூக்கத்தில் வருவது அந்த ஃபயர் டிரில்தான்.

புரட்டாசியில் ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல் சைரன் அடித்தோம். எல்லாரும் மெஷினை அப்படியே விட்டுவிட்டு வரிசையாகப் படியிறங்கி மைதானத்தில் கூடினார்கள். ஸ்டாப்வாட்ச் என் கையில் இருந்தது. மூன்று நிமிடம் சொச்சம். நல்ல நேரம். எண்ணிக்கை முடிந்தது என்று செக்யூரிட்டி கட்டைவிரலை உயர்த்தினார், நான் படிவத்தில் 'அனைவரும் வெளியேறினர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறந்துவைத்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியை எடுக்க மேலே போனேன்.

ஹாலில் புருவக்காரர் நின்றுகொண்டிருந்தார். சைரன் அடித்தபோது அவர் டாய்லெட்டில் இருந்திருக்கிறார். வெளியே வந்து பார்த்தால் இருநூறு மெஷின், ஆளில்லை. டியூப்லைட் எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, பாதி தைத்த சட்டைகள் ஊசிக்குக் கீழே அப்படியே கிடக்கின்றன. பெஞ்சுக்குக் கீழே செருப்புகூட இல்லை. அவர் நடுவழியில் நின்றபடி ஒரு கையால் பக்கத்து மெஷினைப் பிடித்திருந்தார், கீழே விழாமல் இருக்கப் பிடிப்பது போல. என்னைப் பார்த்ததும் ஓடிவந்தார். என்ன, என்ன என்று இரண்டு கையும் கேட்டன. முகம் வெளுத்திருந்தது.

நான் கையை விரித்து ஆட்டினேன். ஒன்றுமில்லை. உட்கார்.

படிவத்தைத் திருத்தவில்லை. திருத்தினால் ஆடிட்டில் கேள்வி வரும்.

அக்டோபரில் தீபாவளி. போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன புருவக்காரர் திரும்பவில்லை. அதற்குள் மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராகப் போயிருந்தார்கள். ஐந்து பேருக்கும் ரிஜிஸ்டரில் 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன். செக்கிங்கில் இருந்த ஒரு பெண் மட்டும் நிலைத்தார். ஏன் என்று விசாரித்தால், அவர் பக்கத்தில் உட்கார்ந்த செக்கிங் அக்காவுக்குக் காது கேளாத தம்பி ஒருவன் இருந்தானாம். அந்த அக்காவுக்குக் கைப்பேச்சு வரும். ஆறில் ஒருவர் நிலைத்ததற்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

பொங்கல் கழிந்து புருவக்காரரின் அம்மா வந்தார், மகன் கையெழுத்துப் போட்ட பி.எஃப். படிவத்தோடு. மகன் கேட்டுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார், உள்ளே வரவில்லை. இங்கே வேலை கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன், சம்பிரதாயத்துக்குத்தான்.

"வேலை ஒண்ணும் கஷ்டமில்லைங்க சார். சம்பளமும் கொறை சொல்லலீங்க. இங்கயே இருந்தா பேச்சே மறந்துபோயிருமுன்னு சொல்றானுங்க."

பேசாத பையனுக்குப் பேச்சு மறப்பதா? அந்த அம்மா ஏதோ உளறுகிறார் என்று நினைத்துக்கொண்டே படிவத்தில் சீல் குத்தினேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த மாதம் பெர்சனல் ஆபீசர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் ஒருவர் காது கேளாதவர்களை வேலைக்கு எடுக்கிற விஷயத்தை எடுத்தார். நான் அனுபவஸ்தன் என்ற தோரணையில் எழுந்து, "நாங்க ஆறு பேருக்குக் குடுத்துப் பாத்தோமுங்க, நிலைக்க மாட்டேங்கறாங்க" என்றேன். சுற்றியிருந்த பத்துப் பன்னிரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஒரு கம்பெனி. நான் செய்ததிலேயே பெரிய கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். மெமோ ஒருவருக்கு அடித்தது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மறு ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகை, இதில் 21 வகை. அரசு வேலையில் மூன்று சதவீதமாக இருந்த ஒதுக்கீடு நான்கானது. தனியாருக்கு ஒதுக்கீட்டுக் கட்டாயம் இல்லை, ஐந்து சதவீதம் எடுத்தால் அரசு ஊக்கம் கொடுக்கலாம் என்பதோடு சரி. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிடவேண்டும் என்று இருந்தது. ஓனர் என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணு டைப் பண்ணி ஃபிரேம் போட்டு மாட்டிருங்க" என்றார்.

டைப் பண்ண உட்கார்ந்தபோதுதான் சட்டத்தை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். பாகுபாடு என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருந்தார்கள். ஒருவரை ஒதுக்குவதும் விலக்குவதும் பாகுபாடு என்பது நான் எதிர்பார்த்ததுதான். அதோடு, நிறுவனத்துக்குத் தாங்கமுடியாத பாரமில்லாமல் செய்து தரக்கூடிய வசதியைச் செய்து தராமல் இருப்பதும் பாகுபாடுதான் என்று இருந்தது. நான் யாரையும் திட்டவில்லை, அடிக்கவில்லை, சம்பளம் குறைக்கவில்லை. எதையும் செய்யவில்லை என்பதுதான் என் தரப்பு வாதமாக இருந்தது. அதுவே குற்றம் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது. எழுந்து போய்ப் பழைய ஃபைலில் அந்த மெமோவைத் தேடி எடுத்தேன்.

அந்தத் தாளைக் காது கேளாதோர் பள்ளி ஆசிரியை ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரே பார்வையில், "யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் தப்பு என்னுடையது இல்லைங்கறான்" என்றார். சைகைமொழி தனி மொழி, அதில் நம்முடைய வேற்றுமை உருபும் விகுதியும் கிடையாது, அந்த மொழியில் யோசித்துவிட்டுத் தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும் என்று விளக்கினார். பிறகு, "இலக்கணம் உங்களுக்குத்தான் சார் வேணும். சேதி முழுசா இருக்குதே" என்றார். அம்மா சொன்ன பேச்சு மறக்கிற சங்கதியையும் கேட்டேன். ஒருநாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கையைப் பேச்சுக்கு உபயோகிக்காமல், பேசுகிற இன்னொரு கையைப் பார்க்காமல் இருந்தால் யாருக்குத்தான் மறக்காது என்றார். "உங்களை ஒரு வருசம் போபால்ல தனியா விட்டாத் தெரியும்."

2018-இல் மறுபடி ஐந்து பேரை எடுத்தோம். இந்த முறை முகாமுக்குப் போகவில்லை, அந்த ஆசிரியை மூலம். எங்கே உட்காரவேண்டும் என்று அவர்களையே கேட்டேன். ஆசிரியை கூடவே நடந்து மொழிபெயர்த்தார். பக்கத்துப் பக்கத்து மெஷின் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். கேட்டது எதிரெதிர் மெஷின். பக்கத்தில் உட்கார்ந்தால் தலையைத் திருப்பவேண்டும், எதிரே இருந்தால் கண்ணை உயர்த்தினால் போதும். வாசலுக்கு முதுகு காட்டி உட்காரமாட்டோம் என்றார்கள், பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் தூக்கிவாரிப்போடும், கை ஊசிக்குள் போகும். நாலு வருடம் முன்னால் இதைக் கேட்டிருக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

கை பேசினால் மெஷின் நிற்குமா என்ற பழைய கணக்கையும் பார்த்துவிடுவோம் என்று ஒரு வாரம் அவர்களுக்குத் தெரியாமல் பீஸ் எண்ணினேன். பழக்கதோஷம். ஒரு பண்டலை முடித்து அடுத்ததை இழுக்கும் இடைவெளியில் பேசி முடித்துவிடுகிறார்கள். எண்ணிக்கை மற்றவர்களுக்குக் குறையவில்லை. அதே வாரம் பக்கத்து லைனில் ஒரு டிவி சீரியலைப் பற்றி நடந்த வாக்குவாதத்தில் நாலு மெஷின் நின்றது.

மற்ற மாற்றங்களைச் சொன்னால் இவ்வளவுதானா என்பீர்கள். சைரனோடு சேர்த்துச் சுழலும் சிவப்பு விளக்கு, ஹாலில் நான்கு இடத்தில், டாய்லெட்டுக்குள் இரண்டு. எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை. பையருக்குக் கொடுக்கிற ஒரு டின்னர் செலவில் பாதிகூட ஆகவில்லை. நாலு மணிக்கு ஒரு கரும்பலகையில் 5.30 அல்லது 8.30 என்று எண்ணை மட்டும் எழுதிவிடுவது. லேபிளோ அளவோ மாறினால் கத்துவதை விட்டுவிட்டு, சரியாகத் தைத்த ஒரு பீஸை லைன் தலைமாட்டில் ஹேங்கரில் தொங்கவிட்டு, மாறிய இடத்தில் சிவப்பு டேப் ஒட்டுவது. சூப்பர்வைசருக்கு மட்டும் தனி நிபந்தனை, பேசுவதற்கு முன் துப்பிவிட்டு வரவேண்டும். அவர் நாளடைவில் இருபது முப்பது சைகை கற்றுக்கொண்டார். முதலில் கற்றுக்கொண்டது கெட்டவார்த்தை. அதற்குப் பிறகுதான் ஐந்து பேரும் அவரோடு சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள்.

அந்த ஹேங்கரைப் பற்றி இன்னும் ஒன்று. எங்கள் ஃப்ளோரில் அப்போது பாதிப்பேர் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் ஆட்கள். மாஸ்டரின் கொங்குத் தமிழ்க் கத்தல் அவர்களுக்கும் விளங்காது. பக்கத்து ஆளைப் பார்த்து, அவன் தப்பாகச் செய்தால் தானும் தப்பாகச் செய்துகொண்டு, இத்தனை வருடம் சமாளித்திருக்கிறார்கள். ஹேங்கர் தொங்கிய முதல் நாள் ஓர் ஒடிசாப் பையன் வந்து அந்தச் சிவப்பு டேப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனான். பிரித்துத் தைக்கிற பீஸ் குறைந்தது. ஓனருக்குச் சட்டம் புரிந்ததோ இல்லையோ, அது புரிந்தது.

எல்லாம் சுபம் என்று நினைக்கவேண்டாம். செல்போனில் தோற்றேன். 2016-இல் ஜியோ வந்து டேட்டா மலிந்த பிறகு காது கேளாதவர்களின் உலகமே வீடியோ காலுக்கு மாறிவிட்டது. ராத்திரி பஸ் ஸ்டாப்பில் தெருவிளக்குக்கு நேர் கீழே நின்று போனைத் தூக்கிப் பிடித்து ஒற்றைக்கையால் பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் கம்பெனியில் போனை கேட்டிலேயே வாங்கி டோக்கன் கொடுத்துவிடுவோம், டிசைன் வெளியே போய்விடக்கூடாது என்பது பையரின் கண்டிஷன். எங்களுக்கு அது போனை விட்டுவிட்டு வருவது. அவர்களுக்கு நாக்கைக் கழற்றி வைத்துவிட்டு வருவது. ஐவரில் ஒரு பெண்ணுக்கு இரண்டு வயதில் குழந்தை, கணவருக்கும் காது கேளாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவருக்குச் செய்தி வர வழியில்லை. மூன்று மாதம் மல்லுக்கட்டி, டைம் ஆபீசில் ஒரு போன் வைக்க அனுமதி வாங்கினேன், மத்தியானம் மட்டும். அது போதவில்லை. அவர் நின்றுவிட்டார். ரிஜிஸ்டரில் 'போன் வசதி செய்து தராததால்' என்று எழுதினேன். ஓனர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொருவர் தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு, கூடுதல் சம்பளத்துக்குப் பக்கத்துக் கம்பெனிக்குத் தாவினார். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. திருப்பூரில் கெட்டிக்கார டெய்லர் செய்கிற காரியம் அது. மூன்று பேர் நான் ஓய்வுபெறும்வரை இருந்தார்கள். மூவரில் ஒருவரைக்கூட நான் சூப்பர்வைசர் ஆக்கவில்லை. 'எப்படிச் சமாளிப்பார்கள்' என்று நானே எனக்குள் கேட்டுக்கொண்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன். அவர்களிடம் கேட்கவில்லை. பழைய வியாதி முழுசாகப் போவதில்லை.

ஓய்வுபெற்ற மறு ஆண்டு அந்த மூவரில் ஒருவருக்குக் கல்யாணம். மண்டபத்தில் நாதஸ்வரம் வெளுத்து வாங்கியது, அது சொந்தக்காரர்களுக்கு. நூறு நூற்றைம்பது பேர் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள். பந்தியில்கூட, வலது கை சாதத்தில் இருக்க இடது கையால். தாலி கட்டியதும் கைதட்டுவதற்குப் பதில் எல்லாக் கைகளும் மேலே எழுந்து விரல்களை ஆட்டின. கூட்டத்தில் புருவக்காரரைப் பார்த்தேன். முன்னந்தலை ஏறியிருந்தது. சொந்தமாக இரண்டு ஓவர்லாக் மெஷின் போட்டு ஜாப்வொர்க் எடுத்துச் செய்கிறாராம். நானாகப் போய், கற்றுக்கொண்டிருந்த கொஞ்சநஞ்சக் கைப்பேச்சில், தப்பு என்னுடையது என்று சொன்னேன். புரிந்ததா தெரியாது. என் கையைப் பிடித்துக் குலுக்கினார், மனைவியிடம் அழைத்துப்போய் என்னை அறிமுகப்படுத்தினார். மனைவி உடனே, ஓ அவரா என்பதுபோல் தலையாட்டினார்.

புருவக்காரர் என்னைக் குறிக்கக் காட்டிய சைகையை நான் கவனித்தேன். வலது கையை விரித்து இரண்டு ஆட்டு.

பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "உங்க பேருதான் சார் அது. அப்பவே வச்சுட்டாங்க." ஆறு பேரும் ஆறு லைனில் உட்கார்ந்துகொண்டு, கேன்டீனில் சந்திக்கும்போது என்னைப் பற்றிப் பேச ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. 'ஒன்றுமில்லை' என்று வைத்திருக்கிறார்கள்.

மாற்றச் சொல்லமுடியுமா என்று கேட்டேன். ஒருமுறை வைத்த பெயரை அவர்கள் லேசில் மாற்றமாட்டார்களாம். எங்கள் வட்டாரத்தில் காது கேளாதவர்களுக்குள் என் பெயர் இன்றைக்கும் அதுதான்.